காவலுக்கு எல்லை உண்டா?

தமிழில் ‘காவல்’ என்னும் சொல் இரு பொருள்களில் வழங்கி வருகின்றது. களத்து மேட்டில் குவிந்த நெல்லுக்குக் காவல் இருக்கின்றோம். ஊர் எல்லையில் காவல் தெய்வம் நிற்கின்றது. நாடாண்ட மன்னனைக் ‘காவலன்’ என்றே நம் புலவர்கள் அழைத்தனர். இது ஒரு பொருள். ஒருவர் ‘காவலில் வைக்கப்பட்டார்’ என்று நாளிதழில் படிக்கும்போதோ அதே சொல் வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. அங்கே கதவு வெளிப்புறத்தில் பூட்டப்படுகின்றது. காக்கின்ற கையும் பிடிக்கின்ற கையும் ஒரே அரசின் கைகளே என்பதை நம் மொழி அறிந்து வைத்திருக்கின்றது. நாம்தான் அதனை அவ்வப்போது மறந்து விடுகின்றோம்.

நாட்டின் பாதுகாப்பு என்னும் காரணத்தைக் காட்டி ஓர் அரசு ஒரு மனிதரை எதுவரை செய்யலாம்? குற்றம் சாட்டாமல் சிறையில் வைக்கலாமா? காரணத்தை மறைக்கலாமா? நீதிமன்றத்தின் வாயிலை அவருக்கு அடைக்கலாமா? இவை சட்டம் பயின்றோர்க்கு மட்டுமே உரிய வினாக்கள் என்று நாம் ஒதுங்கிவிடுதற்கில்லை. அரசு பூட்டுகின்ற ஒவ்வொரு பூட்டும் நம் பெயரால் பூட்டப்படுகின்றது; நம்மைக் காப்பதற்காகவே பூட்டியதாகச் சொல்லப்படுகின்றது. ஆகவே இது நம் ஒவ்வொருவருடைய மனச்சான்றின் முன்னும் வைக்கப்படும் வினா.

அச்சம் பொய்யன்று

முதற்கண் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். நாட்டுக்கு வரும் ஆபத்து கற்பனையன்று. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு திருப்பெரும்புதூரில் வெடித்த குண்டு முன்னாள் பிரதமரின் உயிரை மட்டுமன்றி, அங்கே கூடியிருந்த வேறு பலருடைய உயிர்களையும் பறித்தது. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோவையில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளால் 58 பேர் மாண்டனர். 2008 நவம்பரில் மும்பையில் மூன்று நாள்கள் நீடித்த கொலைவெறிக்கு நூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இரையாயினர். இறந்தோர் யாவரும் யாருடைய பகைவரும் அல்லர். பெரும்பாலோர் தம் வழியே சென்றுகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கும் வாழும் உரிமை இருந்தது. குடிமக்களைக் காக்கத் தவறுகின்ற அரசு தன் முதற்கடமையில் தவறுகின்றது. மனித உரிமை பேசுவோர் இறந்தவர்களை மறந்துவிடுகின்றனர் என்னும் குற்றச்சாட்டுச் சில நேரங்களில் நியாயமானதே.

எனவே அரசுக்கு அதிகாரம் வேண்டுமா வேண்டாமா என்பது நம் வினா அன்று. வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வதிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதே வினா.

மதுரையின் வாயில்

இவ்வினா நமக்குப் புதியதும் அன்று. சிலப்பதிகாரத்தின் நடுவே நிற்பது இதுவே. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். அரண்மனையில் ஒரு சிலம்பு களவு போயிற்று. கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் ஒருவன் வந்து சொன்னான். அரசியின் ஊடலைத் தணிக்கும் நினைவோடு விரைந்துகொண்டிருந்த மன்னன் வழியிலேயே ஆணையிட்டுவிட்டான். கோவலனை எவரும் வினவவில்லை. அவன் சொல்லை எவரும் கேட்கவில்லை. ஓர் ஒற்றைச் சொல்லை நம்பி ஓர் உயிர் போயிற்று. உண்மையான கள்வனோ, குற்றம் சாட்டிய அந்தப் பொற்கொல்லனே.

எனினும் இக்கதையில் நாம் பெரும்பாலும் கவனியாது விடுகின்ற மற்றொரு பகுதி உண்டு. கண்ணகி வந்தபோது அரண்மனை வாயில் திறந்தது. வாயிற்காவலன் அவள் வரவை அறிவித்தான்; மன்னன் உள்ளே வரவிட்டான். இரண்டாவதாக, சான்று அவையின் நடுவே ஆராயப்பட்டது. சிலம்பு உடைந்தது, உள்ளிருந்தது முத்தன்று, மாணிக்கம் என்பதை அனைவரும் கண்டனர். மூன்றாவதாக, தவறு தன்னுடையதே என்று ஆட்சியாளன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். பிழை செய்த அரசன்தான். ஆயினும் முறையீட்டுக்குத் திறக்கும் வாயில், வெளிப்படையாக ஆராயப்படும் சான்று, பிழைக்குப் பொறுப்பேற்கும் ஆட்சி ஆகிய மூன்றும் அவனிடம் எஞ்சியிருந்தன. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, சுதந்திர இந்தியாவின் பாதுகாப்புச் சட்டங்களை நாம் சற்றே அளந்து பார்க்கலாம்.

செய்யாத செயலுக்குச் சிறை

விசாரணையின்றிக் காவலில் வைக்கும் வழக்கத்தை நாம் அந்நிய ஆட்சியிடமிருந்து பெற்றோம். 1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறைச் சட்டத்தில் அது வேரூன்றியது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியபோது காந்தியடிகள் சென்னையில் இராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். நாடு முழுவதும் ஒருநாள் தொழிலை நிறுத்தி, உண்ணாநோன்பிருந்து வேண்டுதல் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் தமக்கு உதித்தது என்று தம் வரலாற்றில் அவர் கூறுகின்றார். வழக்கறிஞரும் இல்லை, வாதமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்று அச்சட்டத்தை மக்கள் பழித்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலாபாகில் சிந்திய குருதி அவ்வெதிர்ப்பின் வரலாற்றோடு கலந்தது.

ஆனால் அந்நியர் சென்ற பின்னரும் அவ்வழக்கம் செல்லவில்லை. நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, அடிப்படை உரிமைகளைச் சொல்லும் அதிகாரத்துக்குள்ளேயே தடுப்புக் காவலுக்கு இடமளித்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஏறக்குறைய ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. அதனைக் கொண்டுவருமுன் தாம் பல இரவுகள் உறங்கவில்லை என்று சர்தார் பட்டேல் நாடாளுமன்றத்தில் கூறினார். அவர் உள்ளம் உறுத்தியது உண்மையாகவே இருக்கலாம். ஓராண்டுக்கு மட்டுமே என்று சொல்லப்பட்ட அச்சட்டமோ மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 முடிய உயிர் வாழ்ந்தது. 1971இல் மிசா வந்தது. 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தற்காலிகம் என்று நுழைந்தது நிலைபெற்ற குடியாயிற்று.

அச்சட்டத்தை எதிர்த்து முதலில் உச்ச நீதிமன்றம் சென்றவர், சென்னை அரசின் ஆணையால் காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன். 1950 மே மாதத்தில் வந்த தீர்ப்பு, காவலின் காரணங்களை நீதிமன்றத்துக்கும் மறைக்கச் சொன்ன ஒரு பிரிவை மட்டும் நீக்கி, சட்டத்தின் எஞ்சிய பகுதியை ஏற்றுக்கொண்டது. சட்டம் வகுத்த நடைமுறை என்றால் அது கேட்டறியும் நீதியையும் உள்ளடக்கியதாக இருத்தல் வேண்டும் என்று நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்னும் கருத்தை அதே நீதிமன்றம் ஏற்க, 1978இல் மேனகா காந்தி வழக்கு வரையில் நாடு காத்திருந்தது.

இங்கே உள்ள அறச்சிக்கலை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். தண்டனை என்பது செய்த செயலுக்கு உரியது. தடுப்புக் காவலோ இனிமேல் செய்யக்கூடும் என்று எவரோ எண்ணுகின்ற செயலுக்கு உரியது. செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தை நான் செய்யவில்லை என்று ஒருவர் மெய்ப்பிக்கலாம். அன்று நான் வேறிடத்தில் இருந்தேன் என்று சாட்சி காட்டலாம். நாளை செய்யக்கூடியதை நான் செய்யமாட்டேன் என்று மெய்ப்பிக்க உலகில் எவருக்கு இயலும்? நாளைக்குச் சாட்சி கிடையாது. ஆகவே தடுப்புக் காவலில் இருப்பவர் தம் குற்றமின்மையைக் காட்டும் வழியையே இழந்துவிடுகின்றார். இது தண்டனையன்று, முன்னெச்சரிக்கை மட்டுமே என்று சட்டம் சொல்லும். வெளியே காத்திருக்கும் மனைவிக்கும் மகவுக்கும் அவ்வேறுபாடு விளங்குவதில்லை.

அடைக்கப்பட்ட வாயில்

வாயில் முற்றாக அடைபட்ட நாளும் நம் வரலாற்றில் உண்டு. 1975 ஜூன் 25ஆம் நாள் உள்நாட்டுக் குழப்பம் என்னும் காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரு நாள்களில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, வாழ்வுரிமைக்காகவும் சமத்துவத்துக்காகவும் நீதிமன்றத்தை நாடும் உரிமையை நிறுத்தி வைத்தது. மிசாச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், காவலுக்கான காரணத்தைக் கைதிக்குச் சொல்லத் தேவையில்லை என்றது. அந்நாள்களில் மிசாவின் கீழும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழும் சிறைப்பட்டோர் தொகை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டது என்று பின்னர் ஷா ஆணையம் கணக்கிட்டது.

ஒன்பது உயர் நீதிமன்றங்கள், வாயிலை முற்றாக அடைக்க இயலாது, ஆட்கொணர்வு மனுவைக் கேட்போம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரிடம் ஒரு வினா எழுப்பினார். காவலர் ஒருவர் தம் சொந்தப் பகை காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்பது அவ்வினா. தம் வாதத்தின்படி நெருக்கடி நிலை நீடிக்கும் வரையில் பரிகாரம் இல்லை என்பதே விடையாயிற்று. 1976 ஏப்ரல் 28ஆம் நாள் ஐவர் அடங்கிய அமர்வில் நால்வர் அவ்வாதத்தை ஏற்றனர். கன்னா மட்டும் மறுத்தார். உயிரும் உரிமையும் அரசியலமைப்பு இயற்றித் தந்த கொடைகள் அல்ல; அஃது இல்லாவிடினும், சட்டத்தின் ஆட்சி நிலவும் நாட்டில், சட்ட ஆதாரமின்றி ஒருவருடைய உயிரையோ உரிமையையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவிக்கு மூத்தவராக இருந்த அவரை விட்டு, அவருக்கு இளையவர் அமர்த்தப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

வாயில் அடைபட்டபின் உள்ளே என்ன நிகழும் என்பதற்குத் தமிழகமும் சான்று தருகின்றது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து மிசாவில் பிடிக்கப்பட்டோர் சென்னை மத்திய சிறையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். அடிபட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977இல் உயிர் நீத்தார். கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையிலான ஆணையம் அச்சிறைக் கொடுமைகளை விசாரித்தது. அடித்த சிறைக்காவலர்கள் யாவரும் பிறவிக் கொடியவர்கள் என்று நாம் கருதவில்லை. கேட்பார் இல்லை என்று தெரிந்த இடத்தில் சாதாரண மனிதரின் கையும் ஓங்குகின்றது. ஆட்கொணர்வு மனு என்பது கைதிக்கு மட்டும் அரண் என்று எண்ணுதல் தவறு. காவலர் தம் மனிதத்தன்மையை இழந்துவிடாதிருக்கவும் அதுவே அரண்.

ஆராயப்படாத சிலம்பு

அடுத்து, சான்று. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதற்கொண்டு இன்றுவரை நம் நாட்டின் பொது விதி. பூட்டிய அறைக்குள் என்ன நிகழும் என்பதை அறிந்தே இவ்விதி செய்யப்பட்டது. 1985இல் பிறந்து 1987இல் புதுவடிவம் பெற்ற தடாச் சட்டம் இதனைப் புறந்தள்ளிற்று. காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சான்றாகும் என்றது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியையும் அடைத்தது. 1995இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. தொடங்கிய வழக்குகளோ தொடர்ந்தன.

திருப்பெரும்புதூர்க் கொலை வழக்கு அவற்றுள் ஒன்று. அக்கொலை கொடியது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. 1998 ஜனவரி 28ஆம் நாள் பூவிருந்தவல்லியில் அமைந்த தனி நீதிமன்றம் 26 பேருக்கும், அதாவது குற்றம் சாட்டப்பட்டு எதிரே நின்ற அனைவருக்கும், தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கும் மூவருக்கு ஆயுள் சிறையும் உறுதியாயின. தடாச் சட்டத்தின்படி பயங்கரவாதக் குற்றத்துக்காக விதிக்கப்பட்ட தண்டனைகள் நீக்கப்பட்டன. பின்னாளில் தூக்குத் தண்டனைகளும் ஆயுளாகக் குறைக்கப்பட்டு, எழுவரும் 2022இல் விடுதலை பெற்றனர்.

அந்த 19 என்னும் எண்ணின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். அவர்களுள் எவரேனும் சிறு குற்றம் ஏதும் செய்தாரா என்பது வேறு. தூக்குக் கயிற்றுக்கு உரியவர் அல்லர் என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் கண்ட 19 பேர், ஓராண்டுக்கு மேல் தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்தனர். மேலே இன்னும் ஒரு வாயில் திறந்திருந்ததால் மட்டுமே அவர்கள் பிழைத்தனர். மதுரையில் சிலம்பு உடைந்தது கோவலன் இறந்தபின். இங்கே நல்வாய்ப்பாக முன்னரே உடைந்தது.

காலமே தண்டனையாக

பாதுகாப்புச் சட்டங்களுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அவை தொடங்கிய இடத்தில் நிற்பதில்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடுப்புக் காவல் சட்டத்தை நாம் ‘குண்டர் சட்டம்’ என்று வழங்குகின்றோம். சாராயம் காய்ச்சுவோர், குண்டர்கள் போன்றோருக்கென்று வந்த அச்சட்டத்தில் 2004இல் திருட்டு வீடியோ விற்போர் சேர்ந்தனர். 2014இல் மணல் கடத்துவோரும் இணையக் குற்றவாளிகளும் சேர்ந்தனர். இவர்கள் செய்வன குற்றங்களே. அவற்றைத் தண்டிக்கச் சட்டங்களும் உள்ளன. வழக்கு நடத்தி மெய்ப்பிப்பது கடினம், பிணையில் வந்துவிடுகின்றனர் என்பதே ஓராண்டு வரையிலான தடுப்புக் காவலுக்குச் சொல்லப்படும் காரணம். இது ஆபத்தன்று, வசதிக்குறைவு. வசதியை ஆபத்து என்று பெயர் மாற்றிக் கூறுவதே அதிகாரம் எல்லை மீறுவதன் முதல் அடையாளம்.

சட்டத்தை இயற்றியோரையும் அச்சட்டம் விடுவதில்லை. 2002இல் பொடாச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் ம.தி.மு.க.வும் இடம் பெற்றிருந்தது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக, அக்கட்சியின் பொதுச்செயலாளர் வைகோ அதே சட்டத்தின் கீழ் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலூர்ச் சிறையில் இருந்தார். பொடா 2004இல் நீக்கப்பட்டது. அதன் பல கூறுகள் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடிபெயர்ந்தன. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008இல் அது மேலும் இறுக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்கள் வரை அவகாசம் தரலாம். குற்றச்சாட்டு மேலோட்டப் பார்வைக்கு உண்மை என்று நம்ப இடமிருப்பின் நீதிமன்றம் பிணை வழங்கலாகாது. விசாரணைக்கு முன்னரே, எதிர்த்தரப்புச் சான்றை ஆராயாமலே, விடுதலையின் கதவு ஏறக்குறையச் சாத்தப்படுகின்றது.

அக்கதவுக்குப் பின்னால் இறந்தவர் அருட்பணி ஸ்டான் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசி மக்களிடையே பல்லாண்டு பணியாற்றியவர். 2020 அக்டோபர் 8ஆம் நாள், தம் 83ஆம் வயதில், பீமா கோரேகாவ் வழக்கில் கைதானார். நடுக்குவாத நோயால் கோப்பையைக் கையில் பற்ற இயலாமல், உறிஞ்சு குழாய் பொருந்திய குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அதற்கு விடை சொல்லப் புலனாய்வு முகமை 20 நாள்கள் அவகாசம் பெற்று, அத்தகைய பொருளைத் தான் எடுக்கவில்லை என்று கூறியது. பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5ஆம் நாள் மும்பை மருத்துவமனையில் காலமானார். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, விசாரணையே தொடங்கவில்லை. தீர்ப்பின்றியே தண்டனை முடிந்துவிட்டது.

அவர் நம்மவர் என்பதற்காக நாம் இதனை எழுதவில்லை. அவ்வாறு எழுதினால் அதுவே ஒரு பிழையாகும். தடாவின் கீழும் பொடாவின் கீழும் பெயர் அறியாத இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தபோது நம்முள் எத்தனை பேர் வாய் திறந்தோம்? அவர்கள் வேறு ஊரினர், வேறு சமயத்தினர், வேறு கொள்கையினர் என்னும் நினைவு நமக்கு உறக்கத்தைத் தந்தது. நம் வீட்டுக் கதவு தட்டப்பட்ட பிறகு எழுந்தோம். இதனை ஒப்புக்கொள்ளாமல் அரசைக் குறைகூறும் தகுதி நமக்கு வாராது.

மூன்று வாதங்கள்

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையோடு கேட்போம். குற்றமற்றவர் ஏன் அஞ்ச வேண்டும் என்பது ஒன்று. எவர் குற்றமற்றவர் என்பதை அறிவதற்கே விசாரணை இருக்கின்றது. விசாரணையை நீக்கிவிட்டுக் குற்றமற்றவரை அஞ்சாதிருக்கச் சொல்வது, விளக்கை அணைத்துவிட்டு வழி தெரிகின்றதே என்பதை ஒக்கும். விடுவிக்கப்பட்ட அந்த 19 பேருக்கு இவ்வாதத்தைச் சொல்லிப் பார்ப்போமாக.

கொடியவர் சட்டத்தை மதிப்பதில்லை. அரசு மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. சட்டத்துக்குக் கட்டுப்படுதலே அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையில் உள்ள வேறுபாடு. அதை இழந்த அரசு வலிமை மிகுந்த மற்றொரு குழுவாகிவிடும். மேலும், விசாரணையின் விதிகள் கைதிக்குக் காட்டும் சலுகைகள் அல்ல. உண்மையை அறியும் கருவிகள். தவறான ஆளைப் பிடித்தால் சரியான ஆள் வெளியே திரிவார். மதுரையில் கோவலன் வெட்டுண்டபோது சிலம்பைத் திருடியவன் அரண்மனைக்கு அருகிலேயே அச்சமின்றி இருந்தான். அவசர நீதி, பாதுகாப்பையும் தருவதில்லை.

பலர் நலமாக வாழச் சிலர் துன்புற்றால்தான் என்ன என்பது மூன்றாவது. மனத்தைக் கவரும் வாதம் இதுவே. நாட்டுக்காக உயிர் ஈவோரை நாம் போற்றுகின்றோம். ஆனால் அவர்கள் தம் உயிரை ஈந்தனர். இங்கோ பிறருடைய உயிரை எடுத்து நாம் ஈகின்றோம். அந்தச் சிலருள் ஒருவராக நம் மகன் இருப்பான் என்றால் இக்கணக்கை ஏற்போமா என்று உள்ளத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கமாட்டோம் எனில், அந்த விலையைப் பிறர் மகனிடம் பெறவும் நமக்கு உரிமையில்லை.

எல்லைகள் யாவை?

அவ்வாறாயின் தடுப்புக் காவல் எந்நாளும் கூடாதோ? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுதற்கில்லை. குண்டு வைக்கப் புறப்பட்டவரை வைத்த பின்புதான் பிடிக்க வேண்டும் என்று எவரும் வாதிடார். உடனடி ஆபத்து தெளிவாகத் தெரியுமிடத்து ஒருவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு வேண்டும். ஆனால் அவ்வதிகாரம் ஆபத்தின் அளவுக்கு உட்பட்டதாய், ஆபத்தின் காலத்தோடு முடிவதாய் இருத்தல் வேண்டும். காரணம் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். அரசின் சார்பற்ற நீதிபதி ஒருவர் விரைவில் அதனை ஆராய வேண்டும். வழக்கறிஞர் உடனிருக்க வேண்டும். தேசியப் பாதுகாப்புச் சட்டமோ அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞர் தோன்றும் உரிமையைக் கைதிக்குத் தரவில்லை. தவறாகக் காவலில் வைக்கப்பட்டவருக்கு இழப்பீடும், வைத்தவருக்குப் பொறுப்பும் இருக்க வேண்டும். தற்காலிகம் என்று இயற்றிய சட்டம் குறித்த நாளில் தானே முடிய வேண்டும்.

இவை வானத்து நிலவைக் கேட்பன அல்ல. நெருக்கடி நிலையின் காயத்தோடு நாடாளுமன்றம் 1978இல் இயற்றிய 44ஆம் திருத்தம், வாழ்வுரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்கலாகாது என்று வரையறுத்தது. குழுமத்தின் கருத்தின்றி ஒருவரை மூன்று மாதம் வரை காவலில் வைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைத்தது. அக்குழுமத்துக்குப் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியே தலைவராதல் வேண்டும் என்றது. முதலாவது நடைமுறைக்கு வந்தது. தடுப்புக் காவல் பற்றிய பகுதியை மட்டும் நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை, ஆட்சிகள் பல மாறியும், இந்நாள் வரை வெளிவரவில்லை. கட்சிகள் பலவற்றில் மாறுபடுகின்றன. இதில் அவை ஒன்றுபட்டு நிற்கின்றன. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கசக்கும் அதிகாரம் ஆளுங்கட்சியானதும் இனிக்கின்றது.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 1976ஆம் ஆண்டின் தீர்ப்பு பிழையானது என்று அறிவித்தது. அன்று பெரும்பான்மையோடு இணைந்த நீதிபதி ஒய்.வி. சந்திரசூடின் மகனே அதனை எழுதியவர்களுள் ஒருவர். நீதிமன்றம் தன் வாயாலேயே தன் தவறை ஒப்புக்கொண்ட அந்நாள் போற்றத்தக்கது. எனினும் இடையில் 41 ஆண்டுகள் கடந்துவிட்டன. கன்னா 2008இலேயே மறைந்துவிட்டார். வாயில் அடைபட்டிருந்த காலத்தில் உள்ளே இருந்தவர்களுக்கு அத்தீர்ப்பால் திரும்பக் கிடைத்தது ஏதுமில்லை.

எனவே எல்லையை வகுக்க வேண்டிய காலம் அமைதிக் காலமே. குண்டு வெடித்த மறுநாள், கொதிக்கும் உள்ளத்தோடு நாம் கேட்கும் சட்டங்களை எந்த அரசும் மறுக்காது. நாம் கேட்டதற்கும் மேலாகவே தரும். அன்று நாம் எழுப்பும் குரல்தான் பின்னர்ப் பல்லாண்டு பூட்டாகத் தொங்குகின்றது. அடுத்த முறை அத்தகைய சட்டம் ஒன்று வரும்போது, அது யாரைப் பிடிக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், தவறாகப் பிடிபட்டவர் எந்த வாயிலைத் தட்டுவார் என்றும் கேட்போம். அவ்வாயில் இல்லையெனில் அச்சட்டம் வேண்டா என்று சொல்லும் துணிவு, அவர் நமக்கு வேண்டாதவராக இருப்பினும், நமக்கு வர வேண்டும்.